வாசலில் ஒரு செக்கன்

ரொறன்ரோவில் இரவு பத்தரை என்றால், கோடைகாலக் கணக்கில், வவுனியா நெளுக்குளத்தில் மறுநாள் காலை எட்டு மணி. வேலையால் வந்த மகன் ஒருவன் போனை வாயருகே பிடித்து, "அம்மா, காசு போட்டிருக்கிறன். பின்னேரம் வங்கிப் பக்கம் போய்ப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு விரலை எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கனடாக் குரல் ஒன்றாவது வந்துசேராத வீடு வன்னியில் குறைவு என்பதால், இதில் கற்பனை அதிகம் இல்லை. ஆறு செக்கன் பேச்சு. வாட்ஸ்அப் அதை இறுக்கிச் சுருட்டியபின் பன்னிரண்டு, பதினைந்து கிலோபைட்தான் தேறும். அந்தச் சின்னப் பொதி புறப்பட்டது முதல் அம்மாவின் காதில் விழுவது வரையான வழியைப் பார்ப்போம்.

முதல் இரண்டு மீற்றர் வைஃபை. மகனுடைய போனுக்கும் மேசையில் இருக்கும் ரவுட்டருக்கும் இடையில் நல்ல சிக்னல். செக்கனுக்கு 200 மெகாபிட் போகிறதென்றால், பொதி முழுவதும் காற்றில் இருக்கும் நேரம் அரை மில்லிசெக்கன். 802.11 என்ற முதல் வைஃபைத் தரநிலை 1997இல் வந்தபோது உச்ச வேகமே 2 மெகாபிட்தான். அந்த வேகத்தில் இதே பொதிக்கு ஏறத்தாழ 50 மில்லிசெக்கன் பிடித்திருக்கும். இன்றைய வேகமான வைஃபைச் சில்லு வேலை செய்யும் கணத்தில் பழையதைவிடக் கூடவே மின்சாரம் குடிக்கும். கூடுதல் அன்ரெனா, அகலமான அலைவரிசை, கூடுதல் கணக்கு எல்லாவற்றுக்கும் செலவிருக்கிறது. ஆனால் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வேலையை முடித்துவிட்டு உறங்கிவிடுகிறது. "வேகம் கூடினால் பற்றரி போகும்" என்று போன் கடைகளில் சொல்வது இதனால்தான் பாதி உண்மை. பற்றரியை அதிகம் தின்பது சும்மா விழித்திருக்கும் நேரம். கதை முழுவதும் இந்த விழிப்பையும் உறக்கத்தையும் பற்றியதுதான்.

ரவுட்டரைத் தாண்டியபின் வெகுதூரத்துக்குப் பற்றரி என்ற பேச்சே கிடையாது. அத்திலாந்திக்கின் அடியாலும், ஐரோப்பாவைக் கடந்து, செங்கடல் வழியாகவும் கண்ணாடி இழையில் ஒளியாகப் பொதி ஓடுகிறது. இலங்கையில் இப்படியான கடலடிக் கேபிள்கள் சில இடங்களில் கரையேறுகின்றன. பிரான்சிலிருந்து சிங்கப்பூர் வரை 20,000 கிலோமீற்றர் நீளும் சீ-மீ-வீ 5 மாத்தறையில் ஏறுகிறது. ஒளியை வழிநெடுகப் பெருப்பித்து அனுப்பும் கருவிகள் கடலின் அடியில் கிடந்தாலும், அவற்றுக்கான மின்சாரம் அதே கேபிளுக்குள் இருக்கும் உலோகக் கடத்தி வழியாகக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ற் அழுத்தத்தில் போகிறது. அவை ஒருபோதும் உறங்குவதில்லை. உறங்க வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு 200,000 கிலோமீற்றர் போகும். ஆக ரொறன்ரோவிலிருந்து வவுனியா வரையான முழுத் தூரமும், இடையிலுள்ள சந்திகளின் தாமதத்தையும் சேர்த்து, ஒரு செக்கனின் ஆறிலொரு, ஏழிலொரு பங்குக்குள் முடிந்துவிடும்.

குரல் நேரே அம்மாவிடம் வந்துவிடாது. வாட்ஸ்அப் குரலைப் பூட்டுப்போட்டுத் தன் சேவையகத்தில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஒன்று வந்திருக்கிறது" என்ற சிறு அறிவித்தலை மட்டும் முதலில் அனுப்பும். போன் எழும்பிப் போய்க் கோப்பை எடுக்கவேண்டும். உறங்கும் போனை யார், எப்படி எழுப்புவது என்பதில்தான் கைபேசி உலகம் பல வருடங்கள் மல்லுக்கட்டியது. செயலிகள் ஒவ்வொன்றும் தத்தம் சேவையகத்தோடு தனித்தனித் தொடர்பு வைத்து, ஓயாமல் "ஏதும் வந்ததா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பற்றரி அரைநாளில் படுத்துவிடும். 2009 மார்ச்சில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்கொட் ஃபோஸ்ரோல் மேடையேறி, அரட்டைச் செயலி ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் போனின் காத்திருப்பு நேரம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோவதாகத் தங்கள் சோதனையில் கண்டோம் என்றார். அதற்கு மாற்றாக அவர் காட்டியது, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு தொடர்பு. அந்த மார்ச் மாதத்தில் வன்னியில் போரின் கடைசிக் கட்டம் நடந்துகொண்டிருந்தது என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்போது கலிபோர்னியாவில் பேசிய அந்தப் பொதுத்தொடர்பு ஏற்பாடுதான் இன்று நெளுக்குளத்து அம்மாவின் போனையும் எழுப்புகிறது. அவருடையது அன்ட்ரொய்ட் போன் என்றால் அந்தப் பொதுத்தொடர்பைக் கூகுள் நடத்துகிறது. கைபேசி வலையமைப்பில் சுமார் 28 நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று ஒரு துணுக்கு அனுப்பினால் போதும், தொடர்பு அறாமல் இருக்கும்.

விலை குறைந்த போன்கள் சிலவற்றில் இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. பற்றரி நெடுநேரம் நிற்கும் என்று பெட்டியில் அச்சிடுவதற்காக, பின்னணியில் இருக்கும் செயலிகளைத் தயாரிப்பாளரே கண்டபடி அணைத்துவிடுகிறார். "போனைத் திறந்து பார்த்தால்தான் மெசேஜ் வருகுது" என்ற முறைப்பாட்டுக்கு வலையமைப்பைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி போனின் செட்டிங்ஸில் "பற்றரிச் சேமிப்பு" என்ற பெயரோடு இருக்கும். வாட்ஸ்அப்புக்கு மட்டும் அதில் விலக்குக் கொடுத்துவிட்டால் சரி.

அறிவித்தல் இப்போது வவுனியாவுக்கு வந்துவிட்டது. நகருக்கு மேற்கே, மன்னார் வீதிப் பக்கம் நெளுக்குளம். அங்கே அம்மாவின் போன் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பது வலையமைப்புக்குத் துல்லியமாகத் தெரியாது. ஒவ்வொரு கோபுரம் மாறும்போதும் "இங்கே வந்துவிட்டேன்" என்று போன் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கும் பற்றரி போகும். அதனால் பெரும் பகுதி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மட்டும் சொன்னால் போதும் என்பது ஒப்பந்தம். ஆளைத் தேட வேண்டிவந்தால், அந்தப் பகுதியில் உள்ள பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் அவருடைய இலக்கத்தைக் கூப்பிடும். கூப்பிட்டவுடன் கேட்குமா? கேட்காது. போன் உறக்கத்தில் இருக்கிறது. நான்காம் தலைமுறை வலையமைப்பில் போன் தன் முறை வரும்போது மட்டும் கண்விழித்து, சில மில்லிசெக்கன் காதுகொடுத்துவிட்டு மறுபடி உறங்கும். அந்த முறை எவ்வளவு நேரத்துக்கு ஒன்று என்பதை 320 மில்லிசெக்கன் முதல் 2.56 செக்கன் வரை நிறுவனம் தெரிவுசெய்யலாம். வழக்கமாகக் காணப்படுவது 1.28 செக்கன். சராசரியாகப் பார்த்தால் அதில் பாதி நேரம் அறிவித்தல் கோபுரத்தில் காத்துக்கிடக்கும். மூன்று கண்டங்களைக் கடக்க எடுத்த நேரத்தைப்போல நாலு மடங்கு, கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குச் செலவாகிறது. கம்பனிகள் விளம்பரப் பலகையில் எழுதும் மெகாபிட் கணக்கு எதிலும் இந்தக் காத்திருப்பு வராது. ஆனால் போன் ஒருநாள் முழுக்க உயிரோடிருப்பது இந்தக் காத்திருப்பினால்தான்.

இந்த உபாயம் கைபேசிக்கு முந்தியது. 1970களின் பிற்பகுதியில் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் முன்முயற்சியில் உருவான பொக்சாக் என்ற பேஜர் முறையில், செய்திகள் எட்டு எட்டுச் சட்டங்களாகப் பிரித்து அனுப்பப்பட்டன. ஒரு பேஜருக்கு எட்டில் ஒன்றுதான் சொந்தம். மற்ற ஏழின்போதும் அது காதைப் பொத்திக்கொள்ளலாம். பின்னர் வந்த ஜிஎஸ்எம் போன்கள் அதை இன்னும் நீட்டி, இரண்டு செக்கன் வரை உறங்கப் பழகின. 2003இல் வந்த நோக்கியா 1100 பலருக்கு நினைவிருக்கும், தலையில் ரோச் லைற் வைத்த அதே போன். அதன் பற்றரி 850 மில்லியம்பியர்-மணி. காத்திருப்பு நேரம் 400 மணி என்று சொன்னார்கள். வகுத்துப் பார்த்தால் சராசரி இழுவை 2 மில்லியம்பியர். இன்று கையில் இருக்கும் போனின் பற்றரி அதைவிட ஆறு மடங்கு பெரியது, ஆனாலும் இரண்டு நாள் தாண்டுவது அரிது. பெரிய திரைக்கும் அதில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மிச்சப் பழி போன் அடிக்கடி எழுப்பப்படுவதற்கே சேரும்.

வன்னி மக்களுக்கு இந்தக் கணக்கைப் பொறியியலாளர் யாரும் வந்து கற்பிக்கவேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வவுனியாவைத் தாண்டி வடக்கே பற்றரி போகமுடியாது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் ரோச் லைற் பற்றரியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். நல்ல வேகத்தில் சுற்றினால் 6 வோல்ற், 3 வாற். நாள் முழுக்க யாரும் சுற்றவில்லை. இரவு பிபிசி தமிழோசை வரும் அரை மணி நேரத்துக்கு மட்டும் ஆள் மாறி ஆள் சுற்றினார்கள். ஒலிபரப்பு எத்தனை மணிக்கு என்பது அனுப்புகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த ஒரு தகவல் மற்ற இருபத்திமூன்றரை மணி நேரச் சுற்றலை மிச்சப்படுத்தியது. கோபுரமும் போனும் 1.28 செக்கனுக்கு ஒரு தடவை செய்துகொள்வது இதே நேர ஒப்பந்தம்தான்.

சரி, போன் எழும்பிவிட்டது. கோபுரத்தோடு தொடர்பெடுத்து, குரலைச் சேவையகத்திலிருந்து இறக்குகிறது. பதினைந்து கிலோபைட் இறங்க ஒரு செக்கன்கூடத் தேவையில்லை. இறங்கியவுடன் போன் மறுபடி உறங்கவேண்டியதுதானே? அதுதான் இல்லை. விருந்தாளி போனபிறகும், குடையை மறந்துவிட்டுத் திரும்பி வருவாரோ என்று படலையைச் சாத்தாமல் நிற்பதுபோல, இன்னும் ஏதாவது வரலாம் என்று வலையமைப்பு தொடர்பை அப்படியே பிடித்துவைத்திருக்கும். 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரும் ஏரி அன்ட் ரி ஆய்வுக்கூடத்தினரும் சேர்ந்து அமெரிக்க 4ஜி வலையமைப்பு ஒன்றை அளந்தபோது, இந்த வால் நேரம் 11 செக்கனுக்கு மேல் இருந்தது. ஒரு செக்கன் வேலைக்குப் பதினொரு செக்கன் விழிப்பு! அதன்பின் தரநிலைகளும் சில்லுகளும் திருந்தியிருக்கின்றன, வாலுக்குள்ளேயே குட்டித் தூக்கம் போடவும் போன் பழகிவிட்டது. ஆனால் வால் முற்றாக அறுந்துவிடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு நிமிடத்துக்கு ஒரு "குட் மோர்னிங்" படம் வந்தால், படத்தின் அளவைவிட ஒவ்வொன்றுக்கும் பின்னால் தொங்கும் வாலே பற்றரிக்குப் பெரிய செலவு. ஒரு மணி நேரம் தொடர்ச்சியாகப் படம் பார்ப்பவரைவிட, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து எடுத்து வைப்பவரின் வானொலிச் செலவு, வந்த ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் கணக்கிட்டால், பல மடங்கு.

வீட்டில் வைஃபை இருந்தால் வாசல் வேறு. கோபுரத்துக்குப் பதில் விறாந்தையில் இருக்கும் ரவுட்டர் குரலை வாங்கிவைக்கும். ரவுட்டர் 102.4 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை "இன்னாருக்கு வந்திருக்கிறது" என்று ஒரு பட்டியலைக் காற்றில் வாசிக்கிறது. உறங்கும் போன் அந்த நேரத்துக்கு எழும்பிக் கேட்கும், தன் பெயர் இல்லையென்றால் படுத்துவிடும். சோம்பேறிப் போன்கள் மூன்று வாசிப்புக்கு ஒரு தடவை எழும்பும், அதாவது 0.3 செக்கன் தாமதம். தூரமும் குறைவு, வாலும் குறைவு. அதனால் சில்லறைச் செய்திகளுக்கு வைஃபை மலிவு. ஆனால் இதிலும் ஒரு கேடு இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான அறிவித்தல் ஒன்று வந்தால், உறங்குகிற அத்தனை கருவிகளும் எழும்பியே ஆகவேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் ரீவி, தன்னோடு பேசக்கூடிய போன் வீட்டில் இருக்கிறதா என்று அடிக்கடி எல்லோரையும் விசாரிக்கும் வகை என்றால், அதற்கு ஒரு நட்டமும் இல்லை, அது கரண்டில் ஓடுகிறது. அதன் வாயாடித்தனத்துக்கான விலையை அடுத்த அறையில் கிடக்கும் போனின் பற்றரி கட்டுகிறது. ரவுட்டர் வாங்கும்போது வேகத்தை மட்டும் கேட்டு வருகிறவர்கள் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

லப்டொப்பின் கதை இன்னொரு மாதிரி. சார்ஜரில் இருக்கும்வரை விண்டோஸ் அதன் வைஃபையை உறங்கவிடாது. சார்ஜரைக் கழற்றினால் வழமையான செட்டிங்ஸில் அது நடுத்தரச் சேமிப்புக்கு மாறிவிடும். சூம் வகுப்பில் இருக்கும் பிள்ளை "இவ்வளவு நேரமும் நல்லாத்தான் இருந்தது, இப்ப வெட்டி வெட்டி வருகுது" என்று சொன்னால், முதலில் சார்ஜர் வயரைப் பாருங்கள். வகுப்பு நேரத்துக்கு மட்டும் அந்தச் சேமிப்பை நிறுத்திவிடலாம். லப்டொப்பில் திரையும் செயலியும் குடிப்பதோடு ஒப்பிட்டால் வைஃபையின் பங்கு சின்னது, அதை மிச்சம்பிடித்துப் பெரிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

மறுமுனையில், குரலே கேட்காத கருவிகள் இருக்கின்றன. குளத்து நீர்மட்டத்தையோ தோட்டத்து மண்ணின் ஈரத்தையோ பார்த்துச் சொல்லும் ஒரு சிறு பெட்டியை வன்னியில் வைக்கப்போனால், பலரும் கையில் எடுப்பது சீனாவின் எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32 என்ற மலிவான சில்லு. வைஃபையில் அனுப்பும் கணத்தில் அது 240 மில்லியம்பியர் வரை இழுக்கும். ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோஅம்பியர், அதாவது இருபத்துநாலாயிரத்தில் ஒரு பங்கு. குளத்து நீர்மட்டம் செக்கனுக்குச் செக்கன் மாறுவதில்லை, மணிக்கொரு தடவை எழும்பினால் தாராளம். விழித்தே இருந்தால் ஒரே நாளில் தீரும் பற்றரி, இந்த ஒழுங்கில் மாதக்கணக்கில் நிற்கும். ரவுட்டரின் வைஃபை எட்டாத வயல்வெளியில் லோரா போன்ற முறை உதவும். அதன் வேகம் செக்கனுக்குச் சில நூறு பிட் முதல் சில ஆயிரம் பிட் வரைதான். மகனின் ஆறு செக்கன் குரலை அதில் அனுப்ப வெளிக்கிட்டால் நிமிடக்கணக்காகும், ஆனால் "மூன்றடி நீர்" என்று சொல்ல அதுவே அதிகம். வைஃபையிலும் 2021இல் இறுதியான 802.11ஏஎக்ஸ், சந்தையில் வைஃபை 6, கருவி ஒவ்வொன்றும் தான் எப்போது எழும்புவேன் என்று ரவுட்டரோடு தனித்தனியே நேரம் பேசிக்கொள்ள இடம்கொடுக்கிறது. ரீவிக்கு ஒரு நேரம், போனுக்கு ஒரு நேரம், குளத்துப் பெட்டிக்கு ஒரு நேரம். ரவுட்டரும் கருவியும் இரண்டுமே அதற்குச் சம்மதிக்கவேண்டும். வன்னி வீடுகளில் இருக்கும் பழைய ரவுட்டர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

இவ்வளவும் கரண்ட் இருக்கும் நாளின் கதை. 2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று ஏறியதாகச் சொல்லி முழு நாடும் இருண்டது. அப்படியான நேரத்தில் முதலில் சாவது விறாந்தை ரவுட்டர். உடனே வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் கோபுரத்துக்குத் தாவுகின்றன, பக்கத்து வீட்டுப் போன்களும் அப்படியே. கோபுரமும் தன் பற்றரி வங்கியில்தான் நிற்கிறது. அது தீர்ந்து, டீசலும் இல்லையென்றால் அதுவும் அணையும். பிறகு போன்கள் இன்னும் தூரத்திலுள்ள கோபுரத்தைத் தேடும். சிக்னல் அறவே இல்லாதபோது போன் எல்லா அலைவரிசைகளையும் மாறி மாறித் துழாவும், அது மிகவும் செலவான வேலை. சார்ஜ் பண்ண வழியில்லாத நாளில்தான் போன் தன் பற்றரியை மிக வேகமாகக் கரைக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் கொடுமையான பக்கம். ரவுட்டரின் 12 வோல்ற்றுக்குப் பொருந்தும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வீட்டில் வைத்திருந்தால், அது காப்பாற்றுவது இணையத்தை மட்டுமல்ல, வீட்டிலுள்ள போன்களின் பற்றரியையும்தான். கோபுரம் எட்டாத காட்டோரத்திலோ கரண்ட் நின்ற நாளிலோ போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, குறித்த நேரத்துக்கு மட்டும் திறந்து பார்ப்பது தமிழோசைக் காலத்துப் புத்தி. அது இன்றும் வேலை செய்யும்.

அம்மா குரலைக் கேட்டாயிற்று. "சரியப்பன், பின்னேரம் போறன்" என்று பதில் சொல்கிறார். வந்ததை வாங்குவதைவிடப் பதிலை அனுப்புவது போனுக்குக் கடினம். கோபுரம் பல வாற் வலுவோடு பேசும். போன் அதிகம் போனால் 0.2 வாற். கோபுரம் கிட்டவாக இருந்து, இடையில் தடை ஏதும் இல்லையென்றால் போன் அதிலும் மிகமிகக் குறைவாகவே பேசும். ஆகக் குறைந்த அளவுக்கும் ஆகக் கூடிய அளவுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது லட்சம் மடங்கு வித்தியாசம் தரநிலையிலேயே இருக்கிறது. எவ்வளவு வலுவாகப் பேசவேண்டும் என்று கோபுரம் ஓயாமல் போனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கொங்கிறீற் சுவரும் தகரக் கூரையும் அந்த அளவைக் கூட்டிவிடும். ஒரு சுவர் சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கினால் போன் பத்து மடங்கு வலுவாக அனுப்பவேண்டும். உச்சத்தைத் தொட்டபிறகும் போதவில்லையென்றால் அனுப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது அதே பதிலுக்குக் கூடுதல் நேரம் உச்ச வலுவில் விழித்திருக்கவேண்டிவரும். வேகமும் பற்றரியும் ஒன்றாக இறங்குவது இங்கேதான். தகரம் போட்ட பின்குசினிக்குள் ஒற்றைக் கோட்டுச் சிக்னலோடு நின்று அனுப்பும் பதிலுக்கும், அதையே பத்தடி தள்ளி முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று அனுப்புவதற்கும் போன் செலவழிக்கும் வலு பல மடங்கு வேறுபடலாம்.